கர்னல் கம்பைலில் டீஃபால்ட்டுக்குத் திரும்புவது: முதலில் எந்த டீஃபால்ட் என்று கேளுங்கள்

லினக்ஸ் கர்னலைச் சொந்தமாகக் கம்பைல் செய்கிற எல்லாரும் ஒருநாள் இந்த இடத்துக்கு வந்து சேருவார்கள். மெனுகான்ஃபிக்கில், அதாவது கர்னல் ஆப்ஷன்களைத் தேர்ந்தெடுக்கும் மெனுத் திரையில், நாற்பது இடத்தில் கை வைத்தாயிற்று. எதை ஆன் செய்தோம், எதை ஆஃப் செய்தோம் என்பது மறந்துபோயிற்று. இப்போது வைஃபை இல்லை, அல்லது பூட்டே ஆகவில்லை. "எல்லாத்தையும் டீஃபால்ட்டுக்குப் போட்டுட்டு முதல்லேருந்து ஆரம்பிக்கலாம்" என்று தோன்றும். கை தானாக 'மேக் எம்ஆர்ப்ராப்பர்' என்று தட்டிவிடும். பிரச்சினை தீர்வதற்குப் பதில் இரண்டாவது பிரச்சினை ஆரம்பிப்பது இந்த இடத்தில்தான்.

(கட்டளைகளை இங்கே உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறது. டெர்மினலில் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். மேக் என்ற சொல்லுக்குப் பிறகு ஓர் இடைவெளி, அதன் பின் வருவது எவ்வளவு நீளமானாலும் இடைவெளி இல்லாத ஒரே சொல்.)

கர்னலில் டீஃபால்ட் என்பது ஒன்றல்ல, குறைந்தது மூன்று. ஒவ்வொரு ஆப்ஷனுக்கும் அதை எழுதியவர் கேகான்ஃபிக் கோப்பில் தரும் டீஃபால்ட் முதலாவது. ஒரு கட்டமைப்புக்கு, அதாவது எக்ஸ்86-க்கோ ஆர்ம்64-க்கோ, அதன் பராமரிப்பாளர்கள் தொகுத்து வைத்திருக்கும் டெஃப்கான்ஃபிக் இரண்டாவது. டெபியன், உபுண்டு, ஃபெடோரா மாதிரி டிஸ்ட்ரோ தன் கர்னலைக் கட்டியபோது பயன்படுத்திய கான்ஃபிக் மூன்றாவது. அது பூட் ஃபோல்டரில் 'கான்ஃபிக்' என்ற பெயரோடு கர்னல் பதிப்பும் சேர்ந்து கிடக்கும்.

மூன்றும் எவ்வளவு விலகி நிற்கின்றன என்பதற்கு டைமர் அதிர்வெண்ணே போதும். கேகான்ஃபிக்கில் அதன் டீஃபால்ட் 250 ஹெர்ட்ஸ். எக்ஸ்86 64-பிட் டெஃப்கான்ஃபிக்கில் 1000. டெபியன் நெடுங்காலம் 250-இல் இருந்தது; உபுண்டு 24.10 பதிப்பிலிருந்து 1000-க்கு மாறியது. "டீஃபால்ட் எச்இசட் எவ்வளவு?" என்று யாராவது கேட்டால், திருப்பிக் கேட்க வேண்டிய கேள்வி "யாருடைய டீஃபால்ட்?"

உங்கள் மடிக்கணினியோ டெஸ்க்டாப்போ நேற்று வரை டிஸ்ட்ரோ கர்னலில் ஒழுங்காக ஓடியது என்றால், நீங்கள் திரும்ப வேண்டிய இடம் அநேகமாக மூன்றாவதுதான். டெஃப்கான்ஃபிக் அல்ல. டெஃப்கான்ஃபிக் ஒரு சராசரிக் கணினி பூட் ஆவதற்குப் போதுமான சிறிய தொகுப்பு. எக்ஸ்டி4 இருக்கும், சாட்டா இருக்கும், இன்டெல் கிராஃபிக்ஸ் இருக்கும். உங்கள் எஸ்எஸ்டிக்கான என்விஎம்இ டிரைவர், பிடிஆர்எஃப்எஸ், டிஸ்க் என்க்ரிப்ஷன், உங்கள் வைஃபை சிப் இவையெல்லாம் அதில் இருக்கும் என்று நம்பி இறங்காதீர்கள். கோப்பில் சொல்லைத் தேடும் கிரெப் கட்டளையைப் போட்டு ஒவ்வொன்றாகப் பாருங்கள். விர்ச்சுவல் மெஷினுக்கும் கர்னல் பேட்ச் சோதனைக்கும் டெஃப்கான்ஃபிக் அருமையான தொடக்கம். அன்றாடக் கணினிக்கு அது அரைகுறை.

கை வைக்குமுன் ஒரு காப்பி

எல்லா அமைப்பும் சோர்ஸ் ஃபோல்டரின் உச்சியில் 'டாட் கான்ஃபிக்' என்ற ஒரே கோப்பில் இருக்கிறது. பெயர் புள்ளியில் தொடங்குவதால் சாதாரணமாகப் பட்டியலிட்டால் கண்ணில் படாது. கர்னலின் கிட்இக்னோர் கோப்பு, புள்ளியில் தொடங்குவதை எல்லாம் ஒதுக்கச் சொல்கிறது; ஆகவே சோர்ஸின் மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் என்ற கருவிக்கும் அது தெரியாது. இதனால் இரண்டு விளைவு. 'கிட் ஸ்டேஷ்' போட்டால் உங்கள் கான்ஃபிக் பத்திரமாகும் என்று நினைத்தால், ஆகாது. 'கிட் ரீசெட் ஹார்ட்' போட்டால் கான்ஃபிக் பழையபடி ஆகும் என்று நினைத்தால், அதுவும் ஆகாது. சோர்ஸ் மட்டும் திரும்பும், கெட்டுப்போன கான்ஃபிக் அப்படியே உட்கார்ந்திருக்கும். 'கிட் கிளீன்' கட்டளையில் எக்ஸ் என்ற எழுத்தையும் சேர்த்தால்தான் அது போகும். அப்போது கூடவே மற்ற எல்லாமும் போகும்.

கான்ஃபிக் சேமிக்கப்படும்போதெல்லாம் முந்தையது 'டாட் கான்ஃபிக் டாட் ஓல்டு' என்ற பெயரில் ஒதுங்கும். ஆனால் ஒரே ஒரு தலைமுறைதான். டெஃப்கான்ஃபிக் போட்டுவிட்டு, "சரியில்லையே" என்று மெனுகான்ஃபிக்கில் ஒன்றை மாற்றிச் சேமித்தீர்களானால், ஓல்டு கோப்பில் இப்போது இருப்பது டெஃப்கான்ஃபிக். உங்கள் அசல் காணாமல் போயிற்று. டெஃப்கான்ஃபிக் "மேலெழுதட்டுமா?" என்று கேட்கவும் கேட்காது. ஆகவே எது செய்வதற்கு முன்னும் டாட் கான்ஃபிக்கைச் சோர்ஸ் ஃபோல்டருக்கு வெளியே, தேதி போட்ட பெயரில் ஒரு காப்பி எடுத்துவிடுங்கள். வெளியே என்பது முக்கியம். ஏன் என்பது அடுத்து வருகிறது.

'மேக் கிளீன்' கம்பைல் செய்த ஆப்ஜெக்ட் கோப்புகளை நீக்கும், கான்ஃபிக்கைத் தொடாது. 'மேக் எம்ஆர்ப்ராப்பர்' அதற்கு மேல் போய் டாட் கான்ஃபிக்கை நீக்கும், டாட் ஓல்டையும் நீக்கும், மாட்யூல்களுக்கு (கர்னல் ஓடும்போது தேவைக்கேற்ப ஏற்றப்படும் துண்டுகளுக்கு) கையொப்பமிட அந்தக் கம்பைலில் உருவான சாவியையும் நீக்கும். கடைசிச் சொன்னதைப் பலர் கவனிப்பதில்லை. கையொப்பமில்லாத மாட்யூலை ஏற்காதபடி கர்னலைக் கட்டியிருந்தால், அந்தக் கர்னலுக்கு இனி ஒரு மாட்யூலைத் தனியாகக் கட்டிச் சேர்க்க முடியாது, சாவியே இல்லை. 'மேக் டிஸ்ட்கிளீன்' இன்னும் ஒரு படி: எடிட்டர் விட்டுச்சென்ற பேக்கப்பும் பேட்ச் மிச்சங்களும் போகும். (எம்ஆர்ப்ராப்பர் என்ற பெயர் ஐரோப்பாவில் விற்கும் ஒரு வீட்டுத் தரை துடைக்கும் திரவத்தின் பெயர். பெயருக்கேற்றபடி சுத்தமாகத்தான் துடைக்கும்.)

எம்ஆர்ப்ராப்பர் போட்டுவிட்டு நேராக மெனுகான்ஃபிக் திறப்பவர்கள் "இப்போது கர்னலின் சுத்தமான டீஃபால்ட் வந்துவிட்டது" என்று நினைக்கிறார்கள். வருவதில்லை. டாட் கான்ஃபிக் இல்லாதபோது கருவி தானே ஒரு வரிசையில் தேடுகிறது: இப்போது ஓடும் கர்னலின் மாட்யூல் ஃபோல்டர், இடிசி ஃபோல்டரில் கர்னல்-கான்ஃபிக், பூட் ஃபோல்டரில் ஓடும் கர்னலின் கான்ஃபிக், எதுவும் இல்லை என்றால் கடைசியாகக் கட்டமைப்பின் டெஃப்கான்ஃபிக். ஆக, நீங்கள் கெடுத்து வைத்த கர்னலிலேயே பூட் செய்து, அதன் கான்ஃபிக்கும் பூட்டில் இருந்தால், துடைத்துவிட்டுத் திறந்தாலும் அதே கெட்ட கான்ஃபிக் திரும்பி வந்து நிற்கும். "யூசிங் டீஃபால்ட்ஸ் ஃபவுண்ட் இன்" என்று ஒரு வரி ஓடும். அதில் எந்தக் கோப்பின் பெயர் வருகிறது என்று பாருங்கள்.

ஒரே ஒரு ஆப்ஷனை மட்டும் திருப்ப

பெரும்பாலும் முழுதாகத் திருப்பத் தேவையே இல்லை. சந்தேகம் நாலைந்து ஆப்ஷனில்தான் இருக்கும். இங்கே தெரிந்துகொள்ள வேண்டியது டாட் கான்ஃபிக் கோப்பின் ஒரு விசித்திரம்.

அந்தக் கோப்பில் ஆப்ஷன் மூன்று நிலையில் இருக்கலாம். 'கான்ஃபிக்_ஸ்வாப்=ஒய்' என்று இருந்தால் ஆன் (மாட்யூலாகக் கட்டக்கூடிய ஆப்ஷனில் ஒய்-க்குப் பதில் 'எம்' என்றும் இருக்கலாம்). வரியின் தலையில் ஹாஷ் குறி போட்டு 'கான்ஃபிக்_ஸ்வாப் இஸ் நாட் செட்' என்று இருந்தால் ஆஃப். வரியே இல்லை என்றால் "இன்னும் முடிவு செய்யவில்லை". ஹாஷ் குறியைப் பார்த்ததும் இது வெறும் கமென்ட் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். அது கமென்ட் அல்ல. "வேண்டாம் என்று நான் முடிவு செய்துவிட்டேன்" என்ற தெளிவான உத்தரவு. அந்த வரி இருக்கும்வரை கேகான்ஃபிக்கின் டீஃபால்ட் அதன் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது.

ஆகவே டீஃபால்ட்டுக்குத் திருப்ப அந்த வரியை முழுக்க நீக்க வேண்டும். கையால் நீக்கலாம்; அல்லது ஸ்கிரிப்ட்ஸ் ஃபோல்டரில் உள்ள 'கான்ஃபிக்' என்ற குட்டிக் கருவியை 'அன்டிஃபைன்' என்ற சுவிட்சோடு ஓட்டலாம். அதே கருவியில் 'ஸ்டேட்' என்று கேட்டால் மூன்று நிலையையும் பிரித்துச் சொல்லும்: ஆஃப் என்றால் 'என்', வரியே இல்லை என்றால் 'அன்டெஃப்'. வரியை நீக்கிய பிறகு 'மேக் ஓல்டுடெஃப்கான்ஃபிக்' ஓட்டுங்கள். அது கோப்பில் இல்லாத ஒவ்வொன்றுக்கும் கேகான்ஃபிக் டீஃபால்ட்டை எடுத்து நிரப்பும், கேள்வி கேட்காது, சார்புகள் பொருந்தும்வரை இருப்பதை மாற்றாது. 'டிசேபிள்' சுவிட்சுக்கும் 'அன்டிஃபைன்' சுவிட்சுக்கும் உள்ள வேறுபாடு இதுதான். முன்னது முடிவு எடுக்கிறது, பின்னது முடிவை விட்டுவிடுகிறது.

இந்தக் குட்டிக் கருவி சார்புகளைப் பார்ப்பதில்லை. சொன்னதை எழுதிவிட்டுப் போய்விடும். நீங்கள் ஆன் செய்தது அடுத்த ஓல்டுடெஃப்கான்ஃபிக்கில் காணாமல் போனால், அதற்குத் தேவையான தாய் ஆப்ஷன் ஆஃபில் இருக்கிறது என்று பொருள்.

டைமர் அதிர்வெண் மாதிரி "இதில் ஒன்றைத் தேர்ந்தெடு" வகை ஆப்ஷனில் ஒரு வரியை நீக்கினால் போதாது. 100, 250, 300, 1000 என்று நான்கு வரி இருக்கும், நான்கையும் நீக்க வேண்டும். கீழே 'கான்ஃபிக்_எச்இசட்=1000' என்று ஐந்தாவது ஒரு வரி இருக்கும். அதைக் கையால் 250 என்று திருத்திவிட்டு "மாறவே மாட்டேன் என்கிறதே" என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் உண்டு. அது தேர்வின் விளைவாகக் கணக்கிட்டு எழுதப்படும் மதிப்பு. நீங்கள் எழுதியதை அடுத்த ஓட்டத்தில் அழித்துவிட்டு மறுபடி 1000 என்றே எழுதும்.

சில ஆப்ஷன் ஆஃப் ஆகவே மறுக்கும். மெனுகான்ஃபிக்கில் அதன் முன்னால் கோடு, நட்சத்திரம், கோடு என்று இருக்கும். வேறு ஏதோ ஒன்று அதை 'செலக்ட்' செய்திருக்கிறது. சாய்கோட்டை அழுத்திப் பெயரைத் தேடினால் 'செலக்டட் பை' என்ற வரியில் யார் என்று தெரியும். அங்கே போய் அதைத்தான் ஆஃப் செய்ய வேண்டும். அதே திரையில் 'டிபெண்ட்ஸ் ஆன்' வரியும் இருக்கும். மெனுவில் ஓர் ஆப்ஷன் கண்ணுக்கே தெரியவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது அந்த வரியைத்தான்.

இன்னொன்று, இது பலரைக் கவிழ்த்தது. வயர்லெஸ் பிரிவை ஆஃப் செய்து சேமித்து வெளியே வந்துவிட்டு, பிறகு மறுபடி ஆன் செய்தால் எல்லாம் பழையபடி ஆகுமா? ஆகாது. தாய் ஆஃப் ஆனதும் பிள்ளைகளின் வரிகள் எல்லாம் கோப்பிலிருந்தே போய்விடுகின்றன. திரும்ப ஆன் செய்யும்போது அவை டீஃபால்ட்டில் பிறக்கின்றன. இன்டெல், ரியல்டெக் என்ற நிறுவனத் தலைப்புகளுக்கு டீஃபால்ட் 'ஒய்', ஆகவே மெனுவில் வரிசையாகத் தெரியும். பார்ப்பதற்கு எல்லாம் வந்துவிட்ட மாதிரி இருக்கும். உள்ளே இருக்கும் ஐடபிள்யூஎல்வைஃபை என்ற உண்மையான இன்டெல் டிரைவருக்கு டீஃபால்ட் எதுவும் இல்லை. ஆகவே அது ஆஃப். மெனுகான்ஃபிக்கை மூடாமல் அதே அமர்விலேயே ஆஃப் செய்து ஆன் செய்தால் மட்டும் பழைய மதிப்பு நினைவில் இருக்கும். அதனால்தான் "எனக்கு வந்ததே!" என்று ஒருவரும் "எனக்கு வரவில்லையே!" என்று இன்னொருவரும் சண்டை போடுகிறார்கள்.

என்ன மாறியது என்று பார்க்க, ஸ்கிரிப்ட்ஸ் ஃபோல்டரிலேயே 'டிஃப்கான்ஃபிக்' இருக்கிறது. வெறுமனே ஓட்டினால் டாட் ஓல்டையும் டாட் கான்ஃபிக்கையும் ஒப்பிடும். இரண்டு கோப்பின் பெயர் கொடுத்தால் அவற்றை ஒப்பிடும். சாதாரண டிஃப் தருவது போல வரி இடம்மாறிய குப்பை வராது. டிஸ்ட்ரோ கான்ஃபிக்கையும் உங்களுடையதையும் இதில் போட்டுப் பார்த்தாலே பாதி நேரம் குற்றவாளி அகப்பட்டுவிடும்.

முழுதாக டிஸ்ட்ரோ கான்ஃபிக்குக்குத் திரும்ப

முதலில், கணினி எழும்போது கர்னலை ஏற்றும் கிரப்பின் மெனுவில் டிஸ்ட்ரோ கர்னலைத் தேர்ந்து அதில் பூட் செய்யுங்கள். பூட் ஃபோல்டரில் அந்தக் கர்னலின் கான்ஃபிக்கை எடுத்து டாட் கான்ஃபிக்காகக் காப்பி செய்யுங்கள். பூட்டில் இல்லை என்றால் ப்ராக் ஃபோல்டரில் கான்ஃபிக் டாட் ஜிஇசட் இருக்கிறதா பாருங்கள். ராஸ்பெர்ரி பை மாதிரி சிலவற்றில் 'மோட்ப்ரோப் கான்ஃபிக்ஸ்' போட்ட பிறகுதான் அது தோன்றும். அதுவும் இல்லை, கர்னல் படம் (கம்பைல் செய்த இமேஜ் கோப்பு) மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால், ஸ்கிரிப்ட்ஸ் ஃபோல்டரில் 'எக்ஸ்ட்ராக்ட்-ஐகேகான்ஃபிக்' அந்தப் படத்துக்குள்ளிருந்தே கான்ஃபிக்கைத் தோண்டி எடுத்துத் தரும். கட்டும்போது ஐகேகான்ஃபிக் ஆப்ஷன் ஆனில் இருந்திருந்தால்தான் இது நடக்கும். உங்கள் கர்னலில் அதை எப்போதும் 'ஒய்' வைத்துவிடுங்கள். சில பத்து கிலோபைட் செலவுதான்.

பிறகு 'மேக் ஓல்டுடெஃப்கான்ஃபிக்'. அதற்கு முன் 'மேக் லிஸ்ட்நியூகான்ஃபிக்' ஓட்டினால், உங்கள் சோர்ஸில் புதிதாக வந்திருக்கும் ஆப்ஷன்களின் பட்டியல் கிடைக்கும். பதிப்பு இடைவெளி சிறியதென்றால் ஓல்டுடெஃப்கான்ஃபிக்குக்குப் பதில் 'ஓல்டுகான்ஃபிக்' போட்டு ஒவ்வொன்றாகப் பதில் சொல்லலாம். ஐந்தாறு பதிப்புத் தாண்டினால் நூற்றுக்கணக்கில் கேள்வி வரும். முப்பதாவது கேள்விக்குமேல் யாரும் படிப்பதில்லை, என்டர் கீயைத்தான் தட்டுகிறார்கள். அதற்கு ஓல்டுடெஃப்கான்ஃபிக்கே மேல்.

டெபியன், உபுண்டு கான்ஃபிக்கை அப்படியே எடுத்துக் கம்பைல் செய்தால் கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். சான்றிதழ் கோப்பு ஒன்றை உருவாக்க வழி தெரியவில்லை என்று மேக் புலம்பும். டெபியன் என்ற ஃபோல்டருக்குள் பெம் என்று முடியும் ஒரு பெயர் வரும். அது டிஸ்ட்ரோ தன் கட்டுமான இயந்திரத்தில் வைத்திருக்கும் சான்றிதழ். கர்னல் டாட் ஆர்கில் இறக்கிய சோர்ஸில் அது கிடையாது. 'சிஸ்டம்_டிரஸ்டட்_கீஸ்', 'சிஸ்டம்_ரெவொகேஷன்_கீஸ்' இரண்டையும் ஸ்கிரிப்ட்ஸ் கான்ஃபிக்கின் 'செட்-எஸ்டிஆர்' சுவிட்சால் வெற்று மேற்கோளாக்குங்கள். கர்னலின் சொந்த டீஃபால்ட்டும் வெற்றுதான்.

அடுத்த முட்டுக்கட்டை டீபக் தகவல். டிஸ்ட்ரோ கான்ஃபிக்கில் அது ஆன், கூடவே கர்னலின் தரவு வகைகளை விவரிக்கும் பிடிஎஃப்பும் ஆன். பஹோல் என்ற கருவி இல்லை என்றால், புதிய சோர்ஸில் பிடிஎஃப் சத்தமில்லாமல் ஆஃப் ஆகிவிடும்; பழைய சோர்ஸில் கம்பைல் ஏறக்குறைய முடிந்து, கடைசி இணைப்புக் கட்டத்தில் வந்து விழும். ஒரு மணி நேரம் போனபின் அது தெரிவது எரிச்சல். டெபியனில் பஹோல் அதே பெயருள்ள பேக்கேஜில் இருக்கிறது; பழைய பதிப்புகளில் ட்வார்வ்ஸ் பேக்கேஜில். டீபக் தகவலோடு கட்டினால் கம்பைல் ஃபோல்டர் 20 ஜிபியைத் தாண்டுவது சாதாரணம். மாட்யூல்களும் வீங்கும், அவற்றை உள்ளடக்கிய இனிட்ராம்எஃப்எஸ்ஸும் (பூட்டின் தொடக்கத்தில் ஏற்றப்படும் தற்காலிக ஃபைல்சிஸ்டம்) வீங்கும், தனிப் பிரிவாக இருக்கும் பூட் நிரம்பி 'நோ ஸ்பேஸ் லெஃப்ட்' என்று நிற்கும். மாட்யூல் நிறுவும்போது 'இன்ஸ்டால்_மாட்_ஸ்ட்ரிப்=1' சேர்த்தால் இந்த வீக்கம் குறையும். கர்னலை டீபக் செய்யும் வேலையே இல்லை என்பவர்கள் மெனுகான்ஃபிக்கில் 'கர்னல் ஹேக்கிங்' பகுதிக்குப் போய் டீபக் தகவலை முழுக்க ஆஃப் செய்துவிடலாம்.

பழைய கான்ஃபிக்கைப் புதிய சோர்ஸில் போடும்போது ஓல்டுடெஃப்கான்ஃபிக் சத்தமில்லாமல் செய்யும் ஒரு காரியத்தையும் சொல்ல வேண்டும். ஒரு ஆப்ஷனின் பெயர் மாறியிருந்தால் பழைய பெயர் குப்பைக்குப் போகும், புதிய பெயர் டீஃபால்ட்டில் பிறக்கும். 5.18-இல் டீபக் தகவல் ஆப்ஷனைத் தேர்வுப் பட்டியலாக மாற்றினார்கள். அதுவரை வெறும் 'ஒய்' வைத்திருந்தவர்களின் கான்ஃபிக்கில் ஓல்டுடெஃப்கான்ஃபிக்குக்குப் பிறகு அது ஆஃப் ஆகி, அதை நம்பியிருந்த பிடிஎஃப்பும் சேர்ந்து போயிற்று. உங்களுக்கு இன்றியமையாத பத்துப் பன்னிரண்டு ஆப்ஷன் பெயரை ஒரு கோப்பில் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் கிரெப் போடுவது சிரமமே இல்லாத காவல்.

லோக்கல்மாட்கான்ஃபிக் என்ற ஆசை

டிஸ்ட்ரோ கான்ஃபிக் ஆயிரக்கணக்கான மாட்யூல்களைக் கட்டும். 'மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்' இப்போது ஏற்றப்பட்டிருக்கும் மாட்யூல்களைப் பார்த்து மீதியை ஆஃப் செய்யும். நேரம் வெகுவாகக் குறையும். ஆனால் அது "இந்த நிமிடம்" ஏற்றியிருப்பதை மட்டும் பார்க்கிறது. பென்டிரைவ் செருகவில்லையா, யுஎஸ்பி ஸ்டோரேஜ் போச்சு. இஎஃப்ஐ பிரிவு மவுண்ட் ஆகவில்லையா, விஃபேட் போச்சு. டாக்கர் ஓடவில்லையா, ஓவர்லே, வெத், பிரிட்ஜ் எல்லாம் போச்சு. உபுண்டுவில் ஸ்னாப் ஓட ஸ்குவாஷ்எஃப்எஸ்ஸும் லூப்பும் வேண்டும். ஓட்டுமுன் பிரிண்டர், ப்ளூடூத், வெளி மானிட்டர், கேமரா எல்லாவற்றையும் ஒருமுறை செருகிப் பயன்படுத்திவிடுங்கள். சில ஃபோல்டர்களை மொத்தமாகக் காப்பாற்ற 'எல்எம்சி_கீப்' என்ற மாறியில் பாதைகளை முக்காற்புள்ளி போட்டுக் கொடுக்கலாம். எஃப்எஸ் ஃபோல்டரையும் டிரைவர்ஸுக்குள் யுஎஸ்பி ஃபோல்டரையும் எப்போதும் கொடுங்கள். டிஸ்ட்ரோ கான்ஃபிக்கிலிருந்து தொடங்குங்கள். ஏற்கெனவே வெட்டியதன் மேல் திரும்ப வெட்டினால் போனது திரும்பாது.

வேறு கட்டமைப்புக்குக் கட்டும்போது

எக்ஸ்86 கணினியில் இருந்துகொண்டு ராஸ்பெர்ரி பைக்குக் கட்டுபவர்கள் கான்ஃபிக்கை இழப்பது பெரும்பாலும் ஒரே வழியில்தான்: 'ஆர்ச்=ஆர்ம்64' என்பதைச் சேர்க்க மறந்து மெனுகான்ஃபிக் திறப்பது. கருவி எக்ஸ்86 என்று எண்ணிக்கொண்டு படிக்கும், தெரியாத ஆர்ம் ஆப்ஷன்களை எல்லாம் உதறும், சேமித்தால் முடிந்தது கதை. ஓல்டுடெஃப்கான்ஃபிக்கில் மறந்தாலும் இதே கதிதான், அது கேட்கவும் கேட்காது. வெறும் 'மேக்' போட்டால் திடீரென்று வரிசையாகக் கேள்வி வரும். அதுதான் எச்சரிக்கை மணி. பதில் சொல்லாமல் கன்ட்ரோல்-சி அழுத்தி வெளியே வாருங்கள். கேள்வியெல்லாம் முடிந்த பிறகுதான் அது கோப்பில் எழுதும்.

பைக்கு டீஃபால்ட் என்பது ராஸ்பெர்ரி பை நிறுவனத்தின் கர்னல் சோர்ஸில் இருக்கும் டெஃப்கான்ஃபிக். 64-பிட்டில் பை 4-க்கு பிசிஎம்2711, பை 5-க்கு பிசிஎம்2712. பொதுவான கர்னல் சோர்ஸில் ஆர்ம்64 முழுவதற்கும் ஒரே டெஃப்கான்ஃபிக்தான். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். க்ளாங் என்ற கம்பைலரில் கட்டுபவர்களும் 'எல்எல்விஎம்=1' என்பதைக் கான்ஃபிக் கட்டத்திலும் கம்பைல் கட்டத்திலும் இரண்டிலும் கொடுக்க வேண்டும். கம்பைலர் எது என்பதும் கான்ஃபிக்கில் பதிவாகிறது. மாறினால் சில ஆப்ஷன் தானாக மாறும்.

இந்தத் தொல்லைகளில் பாதி 'ஓ' என்ற மாறியால் தீரும். 'ஓ=' போட்டு வேறொரு ஃபோல்டரைக் காட்டினால் கான்ஃபிக்கும் ஆப்ஜெக்ட்டும் அங்கேயே சேரும், சோர்ஸ் தொடப்படாமல் இருக்கும். பைக்கு ஒரு ஃபோல்டர், மடிக்கணினிக்கு ஒன்று, சோதனைக்கு ஒன்று. டீஃபால்ட்டுக்குத் திரும்ப வேண்டுமா, ஃபோல்டரை அழித்தால் போதும். தொடங்கும்போது சோர்ஸ் சுத்தமாக இல்லை என்று சொன்னால் அங்கே ஒரே ஒரு முறை எம்ஆர்ப்ராப்பர், காப்பி எடுத்தபின்.

ஃப்ரீபிஎஸ்டி என்ற வேறு இயங்குதளத்துக்காரர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். அவர்களுக்கு டீஃபால்ட் என்பது ஜெனரிக் என்ற பெயருள்ள ஒரு கோப்பு. அதைத் தொடாமல் தன் கோப்பில் 'இன்க்ளூட் ஜெனரிக்' என்று எழுதி வேண்டாததை மட்டும் கழிப்பார்கள். லினக்ஸில் இதற்குக் கிட்டத்தட்ட இணை 'மேக் சேவ்டெஃப்கான்ஃபிக்'. டீஃபால்ட்டிலிருந்து விலகியதை மட்டும் எடுத்து டெஃப்கான்ஃபிக் என்ற சிறு கோப்பாக எழுதும். ஆயிரக்கணக்கான வரி வெகுவாகச் சுருங்கும். கிட்டில் போட்டு வைக்க வேண்டியது இதைத்தான், முழு டாட் கான்ஃபிக்கை அல்ல.

நிறுவும்போது திரும்ப வழி வைத்தல்

கம்பைல் செய்யுமுன் 'லோக்கல்வெர்ஷன்' ஆப்ஷனில் ஒரு பின்னொட்டுச் சேருங்கள், கோடு போட்டு 'சோதனை1' மாதிரி, ஆங்கில எழுத்தில். 'மேக் கர்னல்ரிலீஸ்' போட்டால் முழுப்பெயர் தெரியும். பின்னொட்டை மாற்றாமல் மறுபடி கட்டி நிறுவினால், ஓடிக்கொண்டிருந்த நல்ல கர்னலின் மாட்யூல் ஃபோல்டர் மேலேயே புதியது எழுதப்படும். பழைய கர்னல் படம் இருந்தும் மாட்யூல் பொருந்தாமல் போகும்.

முதலில் 'மாட்யூல்ஸ்_இன்ஸ்டால்', பிறகுதான் 'இன்ஸ்டால்'. மாற்றிச் செய்தால் இனிட்ராம்எஃப்எஸ்ஸில் மாட்யூல் இருக்காது. டெபியன் குடும்பத்தில் 'மேக் பின்டெப்-பிகேஜி' போட்டு டெப் பேக்கேஜாகக் கட்டுவதே நல்லது. நீக்குவது ஒரே ஆப்ட் கட்டளையில் முடியும். கையால் நிறுவியதை நீக்க பூட் ஃபோல்டரில் கர்னல் படம், இனிட்ரிட், சிஸ்டம் மேப், கான்ஃபிக் நான்கையும், லிப் மாட்யூல்ஸுக்குள் அந்தப் பதிப்பின் ஃபோல்டரையும் அழித்து, கிரப்பைப் புதுப்பிக்க வேண்டும்.

டிஸ்ட்ரோ கர்னலை எக்காரணம் கொண்டும் நீக்காதீர்கள். கிரப் அமைப்பில் டீஃபால்ட்டை 'சேவ்டு' என்று வைத்து, 'கிரப்-ரீபூட்' கட்டளையால் புதிய கர்னலை ஒரே ஒரு முறைக்கு மட்டும் தேர்ந்தெடுங்கள். அந்தக் கர்னலின் பூட் வரியில் 'பேனிக்=10' சேர்த்தால், பேனிக் ஆனால், அதாவது கர்னல் மேலே போக முடியாமல் நின்றுவிட்டால், பத்து விநாடியில் தானே மறுபடி எழும், இம்முறை பழைய கர்னலில். தொலைவில் இருக்கும் சர்வர் என்றால் இதைச் செய்யாமல் ரீபூட் போடவே கூடாது.

பேனிக் திரையில் "அனேபிள் டு மவுண்ட் ரூட்" என்று வந்தால் கடைசியில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் இரண்டு எண்ணைப் படியுங்கள். 0,0 என்றால் ரூட் டிஸ்க்கையே கர்னல் கண்டுபிடிக்கவில்லை: டிஸ்க் கன்ட்ரோலர் டிரைவர் இல்லை, அல்லது இனிட்ராம்எஃப்எஸ் இல்லாமல் யுயுஐடி கொடுத்திருக்கிறீர்கள். கர்னலுக்குத் தானாகப் புரிவது பார்ட்யுயுஐடிதான். 8,2 மாதிரியோ, என்விஎம்இயில் 259-இல் தொடங்கியோ வந்தால் டிஸ்க் தெரிகிறது, அதன் மேல் இருக்கும் ஃபைல்சிஸ்டத்தின் டிரைவர் இல்லை. முன்னதற்கு டிரைவர்ஸ் பக்கம் போங்கள், பின்னதற்கு எஃப்எஸ் பக்கம். முழுக் கான்ஃபிக்கையும் தூக்கி எறிய வேண்டியதில்லை.

கான்ஃபிக்கை எல்லாம் சரியாகத் திருப்பியும் கோளாறு அப்படியே இருந்தால், கோளாறு கான்ஃபிக்கில் இல்லாமல் இருக்கலாம். ப்ராக் ஃபோல்டரில் 'சிஎம்டிலைன்' கோப்பைப் பாருங்கள். முன்பு சோதனைக்காகக் கிரப்பில் சேர்த்த ஏதாவது அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கும். இடிசியில் 'மோட்ப்ரோப் டாட் டி' ஃபோல்டரில் நீங்களே எழுதி மறந்த பிளாக்லிஸ்ட் வரி இருக்கலாம். டிகேஎம்எஸ் (வெளி டிரைவரை ஒவ்வொரு கர்னலுக்கும் தனியாகக் கட்டித் தரும் கருவி) வழியாக வரும் கிராஃபிக்ஸ் டிரைவர் புதிய கர்னலுக்குக் கட்டப்படாமல் போயிருக்கலாம். 'டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்' சொல்லிவிடும். செக்யூர் பூட் ஆனில் இருந்தால் நீங்கள் கட்டிய கையொப்பமில்லாத கர்னலைக் கிரப் ஏற்றவே மறுக்கும். அது எந்த டீஃபால்ட்டுக்குத் திரும்பினாலும் தீராது. கர்னல் படத்தில் உங்கள் சாவியால் கையொப்பமிட்டு அந்தச் சாவியை மோக்யுடில்லில் பதிய வேண்டும், இல்லாவிட்டால் பயாஸில் செக்யூர் பூட்டை ஆஃப் செய்ய வேண்டும்.